கொண்டுபோய்ச் சேர்ப்பவரே வீரர்



வீரத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். புறநானூற்றில் தொடங்குவேன் என்று பெரியவர்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் முதல் வரிசையைப் பிடித்துக்கொண்ட குழந்தைகளின் பக்கம் போய், ஒரு கார்ட்டூனிலிருந்து தொடங்குகிறேன்.

2010ஆம் ஆண்டு அமெரிக்காவில் ‘யங் ஜஸ்டிஸ்’ என்ற தொடர் வந்தது. கிரெக் வைஸ்மன், பிராண்டன் வியெட்டி என்ற இருவர் உருவாக்கியது. பேட்மேனும் சூப்பர்மேனும் எங்கே போனாலும் உலகத்தின் கண் அவர்கள் மேலேயே இருக்கிறது. வெளியே தெரியாமல் முடிக்க வேண்டிய காரியங்களை யார் செய்வது? அதற்காக இளையவர்களைக் கொண்டு ஒரு குழு அமைக்கிறார்கள். ராபின், அக்வாலாட், கிட் ஃபிளாஷ், சூப்பர்பாய், மிஸ் மார்ஷியன், ஆர்ட்டெமிஸ். இவர்களுக்குக் கொடுக்கப்படுவதெல்லாம் ரகசியப் பணி. போக வேண்டும், முடிக்க வேண்டும், சத்தமில்லாமல் திரும்ப வேண்டும். மாலை கிடையாது, மரியாதை கிடையாது, பத்திரிகையில் படம் கிடையாது.

இந்தத் தொடரில் ஒரு கதை என் மனதை விட்டு அகலவே இல்லை. மின்னல் வேகத்தில் ஓடக்கூடிய கிட் ஃபிளாஷுக்கு அன்று பதினாறாவது பிறந்தநாள். வானத்தில் பனிக்கோட்டைகள் மிதந்து வந்து கண்டம் முழுவதையும் பனிப்புயலில் மூழ்கடிக்கின்றன. பெரிய வீரர்களோடு தோளோடு தோள் நின்று போரிடும் வாய்ப்பு இளையவர்களுக்குக் கிடைக்கிறது. ஆனால் இவனைக் கூப்பிட்டு வேறொரு வேலை கொடுக்கிறார்கள். தானமாகக் கிடைத்த இதயம் ஒன்றை, ஓடியே போய், மேற்குக் கரையில் இருக்கும் சியாட்டில் நகரத்து மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். அங்கே ஒரு சிறுமி படுத்திருக்கிறாள். புயலில் விமானம் பறக்க முடியாது.

பையனுக்கு முகம் சுருங்கிவிடுகிறது. எல்லோரும் போருக்குப் போகிறார்கள், எனக்கு மட்டும் டெலிவரி வேலையா? அந்த ஏக்கத்தோடுதான் ஓடத் தொடங்குகிறான். வழியில் எதிரி மறிக்கிறான், உடம்பு நோகிறது, நேரம் கரைகிறது. ஓட ஓட அவனுக்கு விளங்குகிறது: அன்று நடந்த அத்தனை வேலைகளிலும் தன் கையில் இருந்ததைவிடப் பெரியது எதுவுமில்லை. அந்தச் சிறுமி பிழைக்கிறாள்.

நண்பர்களே, இதைக் கற்பனை என்று ஒதுக்கிவிடாதீர்கள். எடுத்த இதயத்தைப் பனிக்கட்டியில் வைத்துப் பாதுகாத்தாலும், ஏறக்குறைய நான்கு மணி நேரத்துக்குள் இன்னொரு மார்பில் பொருத்திவிட வேண்டும் என்பதுதான் மருத்துவ வழக்கம். இந்தக் கெடுவை வெல்லும் ஓட்டம் நிஜ உலகத்திலும் தினமும் நடக்கிறது.

குழந்தைகளுக்காகக் காட்டும் இன்னொரு வகைத் துணிச்சலைப் பார்க்க, இனி வானத்துக்குப் போவோம். குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு நிதி திரட்டுவதற்காக விமானத்திலிருந்து குதிக்கும் வழக்கம் பிரிட்டன் போன்ற நாடுகளில் பரவலாக இருக்கிறது. குதிப்பவர்கள் பெரும்பாலும் ஆசிரியர், கடைச் சிப்பந்தி, நோயிலிருந்து மீண்ட பிள்ளையின் அப்பா, அம்மா என்று நம்மைப் போன்றவர்கள்தான். “நான் குதிக்கிறேன், நீங்கள் குழந்தைகளுக்குக் கொடுங்கள்” என்று உற்றார் உறவினரிடமும் உடன் வேலை செய்பவர்களிடமும் கேட்டு நிதி சேர்க்கிறார்கள்.

அந்தக் கணத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பத்தாயிரம் அடிக்கு மேல் விமானத்தின் கதவு திறக்கிறது. பனிக்காற்று முகத்தில் அறைகிறது. பயிற்சியாளர் முதுகுப்புறம் இருக்கிறார். தோளிலும் இடுப்பிலும் கொக்கிகள் இருவரையும் பிணைத்திருக்கின்றன. குதித்ததும் மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறார்கள். ஐயாயிரம் அடி வாக்கில் பாராசூட் விரிகிறது. ஒரு குழந்தையின் சிகிச்சைக்காக இந்தப் பயத்தைத் தாங்கிக்கொண்ட நெஞ்சை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் கும்பிட்ட கையோடு ஒரு கேள்வியும் கேட்க வேண்டும். குழந்தையிடம் என்ன போய்ச் சேர்ந்தது?

ஸ்காட்லாந்தில் டேசைடு என்ற பகுதி. பாராசூட் குதிப்பில் அடிபட்டு வந்தவர்களின் ஐந்தாண்டுக் கணக்கை அங்குள்ள மருத்துவர்கள் எடுத்து, 1999இல் வெளியிட்டார்கள். வந்தவர்கள் 174 பேர். அவர்களில் 94 சதவீதத்தினர் தர்மத்துக்காக முதல்முறை குதித்தவர்கள். அவர்கள் திரட்டிய ஒவ்வொரு பவுண்டுக்கும், காயங்களுக்கு வைத்தியம் பார்க்க அரசு மருத்துவத் துறைக்கு ஆன செலவு 13.75 பவுண்டு! நோயாளிக்காகக் குதித்தவர் தானே நோயாளியாகி, இன்னொருவருக்கு வேண்டிய கட்டிலில் படுத்துவிட்டார். இன்று முதல்முறை வருபவர்களை அனுபவசாலியோடு பிணைத்துக் குதிக்க வைக்கும் முறை பரவலாகியிருக்கிறது. அந்தக் கணக்கு சொன்ன பாடம் மட்டும் மாறவில்லை. குதித்தவரின் துணிச்சலை வைத்துத் தர்மத்தை அளக்கக் கூடாது. படுக்கையில் இருக்கும் பிள்ளைக்கு வந்த நன்மையை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

அப்படி அளந்தால் உயர்ந்து நிற்கும் ஒருவரைச் சொல்கிறேன். பறக்கும் சிறுவன் பீட்டர் பேனைப் படைத்த எழுத்தாளர் ஜே. எம். பேரி. 1929இல் அந்தப் படைப்பின் உரிமையை அப்படியே லண்டனில் உள்ள கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அதனால் எவ்வளவு பணம் வருகிறது என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது அவருடைய விருப்பம். மருத்துவமனை இன்றுவரை அதைக் காப்பாற்றி வருகிறது. ரகசியப் பணி என்றால் இதுவல்லவா ரகசியப் பணி! கொடுத்தவர் மறைந்து பல பத்தாண்டுகள் ஆகியும் பிள்ளைகளுக்குப் பலன் போய்க்கொண்டே இருக்கிறது.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? 2008 செப்டம்பரில் நம் சென்னையில் நடந்ததை மறந்துவிட்டோமா? விபத்தில் மூளைச்சாவு அடைந்த பதினைந்து வயது மகனின் உறுப்புகளைத் தானமாகக் கொடுத்தார்கள் பெற்றோர். இருவருமே மருத்துவர்கள். தேனாம்பேட்டையில் எடுத்த இதயம் முகப்பேரில் காத்திருந்த ஒன்பது வயதுச் சிறுமியிடம் போக வேண்டும். வழிநெடுகக் காவலர்கள் போக்குவரத்தை நிறுத்தினார்கள். பதினொரு நிமிடத்தில் வண்டி போய்ச் சேர்ந்தது. வண்டியை ஓட்டியவரையோ, சந்திப்புகளில் கை நீட்டி நின்ற காவலர்களையோ இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தக் கார்ட்டூன் பையன் ஓடிய ஓட்டம், அந்தத் தொடர் வருவதற்கு முன்பே நம் தெருவில் நடந்து முடிந்துவிட்டது.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது இதுதான். யாரையும் விமானத்தில் ஏறச் சொல்லவில்லை. ரத்தப் புற்றுநோயோடு போராடும் குழந்தைகளுக்குப் பிளேட்லெட் என்ற ரத்தத் தட்டணு அடிக்கடி தேவைப்படுகிறது. எடுத்ததிலிருந்து சாதாரணமாக ஐந்து நாள்தான் அதைச் சேமித்து வைக்க முடியும். ஒருநாள் ரத்ததான முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொண்டால் அடுத்த வாரத்துக் குழந்தைக்கு அது உதவாது. கூப்பிட்ட அன்றைக்கு வருகிறவர்கள் வேண்டும். பதினெட்டு வயது நிறைந்து, நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்கள் உங்கள் ஊர் ரத்த வங்கியில் பெயரைப் பதிவு செய்யுங்கள். உறுப்பு தானத்தில் உங்கள் விருப்பம் என்ன என்பதை வீட்டில் இருப்பவர்களிடம் இன்றே வாய்விட்டுச் சொல்லுங்கள். இடி விழுந்த வேளையில் முடிவெடுக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

முதல் வரிசைச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு ரகசியப் பணி தருகிறேன். உங்கள் வகுப்பில் உடம்பு சரியில்லாமல் பல நாளாக வராத பிள்ளை யார் என்று பாருங்கள். அந்தந்த நாள் பாடத்தை அழகாக எழுதி, அந்தப் பிள்ளையின் வீட்டில் சேர்த்துவிடுங்கள். ஆசிரியர் பாராட்ட வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். நாளைக்கே தொடங்குங்கள். அந்தப் பிள்ளை வகுப்புக்குத் திரும்பும்வரை ஒரு நாளும் விடாதீர்கள்.