கைப்பேசியும் காவல் நிலையமும்

(மணிமங்கலத்தில் நடைபெற்ற வெள்ளி விழாவின் மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இக்கழகம் தோன்றியபோது, நம் பிள்ளைகளைப் பள்ளியில் எவ்வாறு நிலைக்கச் செய்வது என்பதே நம்முன் நின்ற கேள்வி. இன்று அவர்கள் கல்லூரி செல்கின்றனர். ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் உள்ள ஆலைகளில் பணி நாடுகின்றனர். ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. அதில் சினத்தோடு தட்டிய ஒரு வரி, பாடுபட்டுப் பெற்ற கல்வியின் பயனையே பறித்துவிடக் கூடும். அதைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் சமூகத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவன் ஒருவனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் எவனோ ஒருவன் அண்ணல் அம்பேத்கரை இழிவுபடுத்தும் படத்தை இட்டான். நம் பையன் கொதித்தெழுந்து, "உன்னை வெட்டிப் போடுவேன்" என்று எழுதிவிட்டான். மாலைக்குள் அந்தப் படம் அழிக்கப்பட்டது. பையன் எழுதிய வரியோ, பிறர் கைப்பேசிகளில் பத்திரமாக இருந்தது. மிரட்டல் விடுத்தான் என்று புகார் போயிற்று. அன்றிரவு அவன் தந்தையோடு நானும் காவல் நிலையம் சென்றேன். அந்த எளிய மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, என் பையன் சொன்னதைக் காட்டுறாங்க, எதுக்குச் சொன்னான்னு யாரும் காட்டலையே" என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை. பையனிடம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். இழிவு செய்தவன் மீது ஒரு தூசும் விழவில்லை.

அவமதிப்பைக் கண்டு கொதித்தது தவறா? இல்லை. ஆனால் அந்த ஒரு வரியால் குற்றம் செய்தவன் புகார்தாரன் ஆனான். புகார் கொடுக்க வேண்டியவன் குற்றம் சாட்டப்பட்டவன் ஆனான். அண்ணலின் வழி சட்டத்தின் வழி. அந்த வழியில் அன்று நம் கையில் இருந்த வலிமையை நாமே நழுவ விட்டோம்.

என்ன வலிமை என்று கேட்பீர்கள். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பெரிதும் போற்றும் மறைந்த தலைவரை, அச்சமூகங்களைச் சாராத ஒருவர் எழுத்தாலோ பேச்சாலோ வேறு வகையாலோ இழிவுபடுத்துவது அதன்படி தண்டனைக்குரிய குற்றம். இணையத்தில் வெளியிட்ட காணொளியும் பொதுமக்கள் பார்வையில் நிகழ்ந்த இழிவாகவே கொள்ளப்படும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் கூறியுள்ளது. இவ்வழக்குகளைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே புலனாய்வு செய்ய வேண்டும்.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். 2024 ஜூலை முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவு மிரட்டலைப் பற்றியது. பொதுவான மிரட்டலுக்கு ஈராண்டு வரை சிறை. கொல்வேன் என்று மிரட்டினால் ஏழாண்டு வரை. பெயரை மறைத்து மிரட்டினால் அதற்கு மேலும் ஈராண்டு வரை. "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்பதை நீதிமன்றத்தில் மெய்ப்பித்து வெளிவருவதற்குள் படிப்புக் காலம் முடிந்துவிடும். அதன் பின்னும் துன்பம் தொடரும். அரசுப் பணிக்கு விண்ணப்பித்தால் காவல்துறைச் சரிபார்ப்பு உண்டு. தமிழ்நாட்டின் காவலர் தேர்வில், ஐயத்தின் பலன் அளித்து விடுவிக்கப்பட்டவரையும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதும் விதி இருக்கிறது. சீருடைப் பணியைக் கனவு காணும் நம் இளைஞர்கள் இதை மறத்தல் ஆகாது.

மிரட்டல் பெரும்பாலும் சிறுபான்மையினர் மீதும் பெண்கள் மீதுமே பாய்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில், 1996 செப்டம்பரில், முன்னாள் மாணவன் ஒருவன் ஆசிய வழியினரான 59 பேருக்கு, வளாகத்தை விட்டு வெளியேறாவிடில் தேடிப்பிடித்துக் கொல்வேன் என்று மின்னஞ்சல் அனுப்பினான். 1998 பிப்ரவரியில் அவன் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. அவனும் வேறு நாட்டிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளையே! நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டின் முதல் நாளன்று, நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம் பெண்களின் படங்களை இட்டு, அவர்களை ஏலம் விடுவதாகக் காட்டிய 'புல்லி பாய்' என்னும் செயலி வெளிப்பட்டது. மும்பை, டில்லிக் காவல்துறையினர் கைது செய்தவர்களில் இருபது வயதை ஒட்டிய பொறியியல் மாணவர்களும் இருந்தனர். கல்வி கிடைத்தும் பண்பு வாராதபோது விளைவது இதுதான். இழிவின் வலியை அறிந்த நாம் பிறர் மீது, குறிப்பாகப் பெண்கள் மீது, அதே கல்லை எறியலாகாது.

"அப்படியானால் வாய்மூடி இருக்க வேண்டுமா?" என்று நீங்கள் கேட்கலாம். வேண்டியதில்லை! தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, மனம் புண்படுத்தும் செய்திக்கே மூன்றாண்டு சிறை என்றது. 2012-இல் மகாராட்டிரத்துப் பால்கரில், கடையடைப்பைக் குறித்து முகநூலில் கருத்துச் சொன்னதற்காக இரு இளம்பெண்கள் கைதாயினர். அதைக் கண்டு டில்லி மாணவி சிரேயா சிங்கால் உச்ச நீதிமன்றம் சென்றார். 2015 மார்ச் 24 அன்று அந்தப் பிரிவே செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஆகவே கண்டிக்கலாம்; கேள்வி கேட்கலாம்; அதிகாரத்தை எதிர்த்து எழுதலாம். உயிருக்கும் உடலுக்கும் மானத்துக்கும் தீங்கு செய்வேன் என்பது மட்டும் கருத்தாகாது.

எனவே மாணவர்களே, இவற்றை மனத்தில் இருத்துங்கள். இழிவான பதிவைக் கண்டால், பதில் எழுதுவதற்கு முன் நாளும் நேரமும் அனுப்பியவர் எண்ணும் தெரியுமாறு திரையைப் படமெடுங்கள். அந்தக் கைப்பேசியிலிருந்து எதையும் அழிக்காதீர்கள். மின்னணுச் சான்றுக்கு முறையான சான்றிதழ் தேவைப்படும். புகாரை எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். உங்கள் மீது புகார் வந்தால் ஓடி ஒளியாதீர்கள். ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் கைது கட்டாயமன்று. அறிவிப்புக் கொடுத்து அழைக்கச் சட்டத்தில் வழியுண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எதுவாயினும் நமக்கு இலவச வழக்கறிஞர் உதவி பெறும் உரிமை உண்டு. எல்லாவற்றிற்கும் முன், கழகத்துப் பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். கழகமும் இதற்கென ஒரு வழக்கறிஞரை அமர்த்த வேண்டும் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

நம் செங்கற்பட்டு மண்ணில் கோழியாளத்தில் பிறந்த தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1896-இல் அதில் வெளியான ஒரு கடிதத்திற்காக வழக்குத் தொடுத்து, அவருக்கு நூறு ரூபாய் அபராதம் விதித்தனர். அவர் முகத்தை மறைத்து எழுதவில்லை. எவரையும் வெட்டுவேன் என்று மிரட்டவுமில்லை. தம் பெயரோடு எழுதினார், அதற்குரிய விலையையும் தந்தார். பிற்காலத்தில் இலண்டன் வட்ட மேசை மாநாட்டில் அண்ணலோடு அமர்ந்து நமக்காகப் பேசினார்.

உங்கள் பெயரைக் கீழே இட்டு, உங்கள் தாய் படித்தாலும் தலைகுனிய வேண்டாத சொற்களை எழுதுங்கள். அவ்வளவே நான் வேண்டுவது.