கல் சுமந்தவர் கணக்கு

(ஆரம்பாக்கம் கூட்டத்தில் பேசியது)

நான் வங்கிக் குமாஸ்தா. எதிலும் கணக்கைத்தான் முதல்ல பார்ப்பேன். சாலொமோன் எருசலேம் ஆலயத்தைப் பிரதிஷ்டை பண்ணினப்ப 22,000 மாடு, 1,20,000 ஆடு பலி என்கிறது பைபிள். மரம் வெட்ட லீபனோனுக்கு முறைவைத்து அனுப்பின இஸ்ரவேலர் 30,000, சுமை தூக்கினவங்க 70,000 என்றும் அதே புத்தகம் எழுதி வைத்திருக்கு. விருந்து முடிஞ்சது, நுகம் இறங்கல. ராஜா செத்ததும் பாரத்தைக் குறைக்கச் சொல்லி மகனிடம் கேட்டாங்க. மறுத்தான். ஆள்பிடிக்கிற அதிகாரி அதோராமைக் கல்லாலேயே அடிச்சுக் கொன்னாங்க.

நம்ம தஞ்சாவூருக்கு வாங்க. 1010-இல் பெரிய கோயில் விமானத்துக்கு ராஜராஜன் செப்புக் குடம் கொடுத்தான். ஆட்சியின் 25-ஆம் ஆண்டு, 275-ஆம் நாள். அவ்வளவு துல்லியம்! தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர் இருக்காங்க, பெருந்தச்சன் இருக்கார். கல் சுமந்தவர் தலைக்கணக்கு? அது இல்ல. ஆனா நாம இருக்கோம்ங்க. கோயிலுக்கு எழுதித்தந்த ஊர்களில் வரி தேறாத நிலம்னு கழிச்ச பட்டியல்ல: குளம், வாய்க்கால், சுடுகாடு, பறைச்சேரி.