பூம்பாறை: வியூ பாயின்ட்டுக்குக் கீழே ஒரு ஊர்

இந்த வாரம் ஒரே ஒரு ஊரைப் பத்திப் பேசப்போறேன். பேரு பூம்பாறை. திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் தாலுகா. டவுன்ல இருந்து மன்னவனூர் போற ரோட்டுல சுமார் 20 கிலோமீட்டர். கடல் மட்டத்துல இருந்து ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம்.

பேரு தெரியாட்டியும் படம் உங்க போன்ல வந்திருக்கும். பச்சைப் படிக்கட்டு மாதிரி வயல்கள், நடுவுல நெருக்கமா கலர் கலரா வீடுகள், மேல மேகம். டிரிப் போறவங்க அந்த வளைவுல வண்டியை ஓரங்கட்டுவாங்க, இறங்கி போட்டோ எடுப்பாங்க, அப்படியே மன்னவனூர் ஏரி பக்கம் கிளம்பிடுவாங்க. ஊருக்குள்ள இறங்கிப் போறவங்க கம்மி. போனாலும் முருகன் கோயில் வரைக்கும்தான்.

நான் பேச நினைக்கிறது அந்தப் படிக்கட்டைப் பத்தி. மலை தானா அப்படி அமையல. சரிவை வெட்டி, சமப்படுத்தி, ஓரத்துக்குக் கரை கட்டி, மழையில சரிஞ்ச இடத்தைத் திரும்பத் திரும்ப சரிபண்ணி வச்சிருக்காங்க. ஒரு வருஷம் கை வைக்கலன்னா புல் ஏறிடும். நாலு வருஷம் விட்டா மழைத்தண்ணி கரையை அறுத்துட்டுப் போயிடும். அப்போ நாம லைக் போடுற அந்த வியூ உண்மையில ஒரு வேலை. தினமும் யாரோ செய்யுற வேலை. அந்த வேலைக்கு யார் காசு கொடுக்கிறாங்க? வியூ பார்க்கிற நாம கொடுக்கிறதில்ல. கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ் கொஞ்சம் கொடுக்குது. ஆனா அந்த ஊருக்கு ஒரு பேரும் ஒரு தனி மதிப்பும் வாங்கிக் கொடுத்தது பூண்டு.

முதல்ல ஊரோட வயசு. கொடைக்கானல்னாலே நமக்கு வெள்ளைக்காரன் உருவாக்கின ஊர்னு ஒரு நினைப்பு. டவுனைப் பொறுத்தவரை அது சரி. 1821ல லெப்டினென்ட் வார்டுன்னு ஒரு சர்வே அதிகாரி பழனி மலையில ஏறி அளந்தார். 1845ல அமெரிக்க மிஷனரிங்க வந்து முதல் வீடுகளைக் கட்டினாங்க. ஆனா இவங்கல்லாம் ஏறி வர்றதுக்கு முன்னாடியே மேல்மலையில ஊர்கள் இருந்தது. பூம்பாறை, மன்னவனூர், வில்பட்டி எல்லாம் அந்த வரிசைதான். டவுன்தான் புதுசு, கிராமம் பழசு.

ஊருக்கு நடுவுல குழந்தை வேலப்பர் கோயில். பழனி கோயிலோட உபகோயில். மூலவர் சிலையை போகர் நவபாஷாணத்துல செஞ்சார்ங்கிறது ஐதீகம். பழனிக்கு அடுத்ததா இங்கதான்னு சொல்வாங்க. 'குழந்தை' வேலப்பர்னு ஏன் பேரு வந்துச்சுன்னு ஒரு கதையும் உண்டு. அருணகிரிநாதர் ஒரு ராத்திரி இங்க படுத்துத் தூங்கினாராம். அவரைக் கொல்ல ஒரு ராட்சசி வந்தாளாம். முருகன் குழந்தையா வந்து அவர் மேல படுத்துக்கிட்டாராம். தாயும் பிள்ளையும் தூங்குறாங்கன்னு நினைச்சு அவ திரும்பிப் போயிட்டாளாம். குளிருல போர்த்திக்கிட்டுத் தூங்குற ஊருக்குத் தோதான கதை.

சரி, பூண்டுக்கு வருவோம். நம்ம ஊர்ல பூண்டுன்னா ரசம், பூண்டுக் குழம்பு, பிரசவம் ஆன வீட்டுல பூண்டு லேகியம், பூண்டுப் பால். வெள்ளைப் பூண்டு, நாட்டுப் பூண்டு, மலைப்பூண்டுன்னு கடைக்காரர் மூணு விலை சொல்வார். கொடைக்கானல் மலைப்பூண்டு சின்னது. ஒரு பூண்டு சராசரியா 20 முதல் 30 கிராம்தான் இருக்கும். பல்லு இறுக்கமா ஒட்டியிருக்கும், உரிக்கிறதுக்குள்ள நகம் எரியும், காரம் அதிகம். நல்லா பதப்படுத்தினா ஒரு வருஷம் வரைக்கும் கெடாது. அதுல சிங்கப்பூர் ரெட்னும் மேட்டுப்பாளையம்னும் ரெண்டு ரகம் சொல்றாங்க. வருஷத்துக்கு ரெண்டு போகம். ஒண்ணு மே வாக்குல நடுவாங்க, இன்னொண்ணு நவம்பர் வாக்குல.

காரம் எங்கிருந்து வருதுன்னு ஒரு சின்ன கெமிஸ்ட்ரி. முழுப் பூண்டை மோந்து பார்த்தா பெருசா வாசனை இருக்காது. நசுக்கின உடனேதான் மூக்குல ஏறும். ஏன்னா உள்ள அலீன்னு ஒரு பொருள் ஒரு அறையில, அலினேஸ்னு ஒரு நொதி இன்னொரு அறையில. நசுக்கும்போது ரெண்டும் கலந்து அலிசின் உருவாகுது. பூண்டைத் தட்டிட்டு அஞ்சு நிமிஷம் விட்டு அப்புறம் வாணலியில போடுங்கன்னு சொல்றது அதனாலதான். சூடு பட்டா நொதி வேலை செய்யாது.

இப்போ முக்கியமான விஷயம். பூண்டுக்கு விதை கிடையாது. தக்காளி மாதிரி ஒரு பாக்கெட் விதை வாங்கித் தூவ முடியாது. பல்லைத்தான் நடணும். அதாவது, இந்த வருஷம் விளைஞ்சதுல ஒரு பங்கை விக்காம, சாப்பிடாம, அடுத்த போகத்துக்கு எடுத்து வைக்கணும். ஒரு ஹெக்டேருக்கு ஏறக்குறைய அரை டன் பல் வேணும். ஏக்கருக்குன்னா 200 கிலோ. கிலோ 300 ரூபாய்னு ஒரு கணக்குக்கு வச்சாலும் 60,000 ரூபாய். மண்ணுல கை வைக்கிறதுக்கு முன்னாடியே இவ்வளவு. உரம், கூலி, காவல் எல்லாம் அப்புறம்.

எடுத்து வச்ச விதைப் பூண்டு மேல்மலை ஈரத்துல அழுகாம இருக்கணும். அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழி புகை. தாளோட கட்டி, கொத்துக் கொத்தா தொங்கவிட்டு, கீழ இலை தழை போட்டுப் புகைமூட்டம் போடுவாங்க. பிரிட்ஜ் கிடையாது, குளிர்பதனக் கிடங்கு கிடையாது. ஒரு கூரை, ஒரு கயிறு, கொஞ்சம் புகை. நம்ம பாட்டி வீட்டுல அடுப்புக்கு மேல பரண்ல விதை வச்ச அதே அறிவுதான்.

இதுல ஒரு ஆபத்தும் இருக்கு. கத்தரியோ நெல்லோ ஒரு வருஷம் போடலன்னா, விதையைப் பத்திரப்படுத்தி அடுத்த வருஷம் போடலாம். பூண்டுப் பல்லு அப்படிக் காத்திருக்காது. ஒரு விவசாயி ரெண்டு மூணு போகம் நிறுத்திட்டா, அவர் வீட்டு விதை போயிடுச்சு. ஊரே நிறுத்திட்டா, அந்த ஊர்ப் பூண்டு போயிடுச்சு. புஸ்தகத்துல எழுதி வச்சு அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

இப்படி ஆகுமான்னு கேட்டா, ஆன ஊர் ஒண்ணு சொல்றேன். இந்தோனேசியாவுல லொம்போக்னு ஒரு தீவு. அங்க ரிஞ்சானி எரிமலை அடிவாரத்துல செம்பாலுன்னு ஒரு மலைப் பள்ளத்தாக்கு. 1980கள்லயும் 90கள் ஆரம்பத்துலயும் அந்த ஊரைப் பூண்டுதான் செழிக்க வச்சது. 90களோட கடைசியில பொருளாதார நெருக்கடி, இறக்குமதிக்குக் கதவு திறந்தாங்க, சீனப் பூண்டு மலிவா வந்து இறங்கிச்சு. இன்னைக்கு இந்தோனேசியா சாப்பிடுற பூண்டுல பத்துல ஒன்பது பங்குக்கு மேல இறக்குமதி. செம்பாலுனுக்கு இப்போ பெரும்பாலும் ரிஞ்சானி ஏற வர்ற டிரெக்கிங் கூட்டம் தெரியும். அங்கயும் அழகான வியூ பாயின்ட் இருக்கு.

இந்தியாவுல 2014ல இருந்து சீனப் பூண்டு இறக்குமதிக்குத் தடை இருக்கு. அதனால பூம்பாறைக்குப் போட்டி உள்நாட்டுல இருந்துதான். நாட்டுலயே அதிகமா பூண்டு விளையுறது மத்தியப் பிரதேசம். அது சமவெளி, பெரிய பெரிய வயல். அங்க அறுவடை பெருகினா இங்க விலை ஆடும். 2022ல மத்தியப் பிரதேச விவசாயிங்க விலை இல்லாம பூண்டைக் கொட்டின செய்தி வந்துச்சு. 2024 தொடக்கத்துல அதே பூண்டு கடையில கிலோ 400 ரூபாயைத் தாண்டிச்சு. படிக்கட்டு வயல்ல கையால கொத்தி, கையால களை எடுத்து, கையால பிடுங்குற ஒருத்தர் இந்த ஏத்த இறக்கத்துலதான் கணக்குப் போடணும். நடுவுல காட்டுமாடும் காட்டுப்பன்றியும் வேற.

விளைஞ்ச பூண்டு மலையை விட்டு இறங்கி பெரும்பாலும் தேனி மாவட்டம் வடுகபட்டி மண்டிக்குப் போகும். பெரியகுளம் பக்கத்துல. அங்க இருந்து சென்னை வரைக்கும் வரும். ஆனா இங்க வந்து சேரும்போது அதோட ஊர்ப்பேரு கழண்டு போயிடுது. மயிலாப்பூர் தெப்பக்குளத்தைச் சுத்தி நாலஞ்சு கடையில நான் கேட்டுப் பார்த்தேன். மலைப்பூண்டு எல்லார்கிட்டயும் இருந்துச்சு. எந்த மலைன்னு கேட்டா, ஒருத்தர் ஊட்டின்னார், ஒருத்தர் கொடைக்கானல்னார், ஒருத்தர் சிரிச்சுட்டு அடுத்த கஸ்டமரைப் பார்க்கப் போயிட்டார். அவங்களைக் குத்தம் சொல்லல. இமாச்சலப் பிரதேசத்துல இருந்து வர்ற பெரிய பல் பூண்டும் இங்க மலைப்பூண்டுன்னுதான் விக்குது. அதுவும் மலையில விளைஞ்சதுதானே, பொய் இல்லையே!

இங்கதான் நம்ம ஊர் உள்ள வருது. இந்தியா முழுக்க எந்தப் பொருளுக்கு புவிசார் குறியீடு, அதாவது ஜிஐ, வேணும்னாலும் பதிவு நடக்கிற அலுவலகம் கிண்டியில இருக்கு. அடையாறுல இருந்து டிராபிக் இல்லன்னா கால் மணி நேரம். 1999ல சட்டம் வந்துச்சு, 2003 செப்டம்பர்ல அமலுக்கு வந்துச்சு, முதல் பதிவு டார்ஜிலிங் டீ. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல ஜிஐ கிடைச்சது. கொடைக்கானல்ல இருக்கிற அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தோட முயற்சி அதுல முக்கியமானது.

ஜிஐ கிடைச்சா என்ன ஆகும்? இந்தப் பேரை வேற ஊர்ப் பூண்டு மேல ஒட்டி வித்தா குற்றம். ஆறு மாசத்துல இருந்து மூணு வருஷம் வரை சிறை, 50,000 ரூபாய்ல இருந்து 2 லட்சம் வரை அபராதம்னு சட்டம் சொல்லுது. கேட்க நல்லா இருக்கு. ஆனா ஜிஐ பதிவேட்டுல ரெண்டு பாகம் உண்டு. முதல் பாகத்துல பொருளும், அதைப் பதிவு பண்ணின அமைப்பும். ரெண்டாவது பாகத்துல அந்தப் பேரைப் போட்டு விக்க உரிமை உள்ள ஒவ்வொரு உற்பத்தியாளரும். விவசாயி ரெண்டாவது பாகத்துல வரணும், மூட்டை மேல அந்தப் பேரு ஏறணும், மண்டியில அந்தப் பேருக்குத் தனி விலை கிடைக்கணும். இந்த மூணும் நடக்காத வரைக்கும் ஜிஐ ஒரு பெருமை, அவ்வளவுதான். 'கொடைக்கானல் மலைப்பூண்டு'ங்கிற பேரு சட்டத்துல பத்திரமா இருக்கு. 'மலைப்பூண்டு'ங்கிற பேரு யாருக்கும் சொந்தம் இல்ல. கடையில நாம கேக்குறது ரெண்டாவது பேரை.

டூரிசம் இருக்கே, அதை வச்சு ஊர் பிழைக்கலாமேன்னு சிலர் கேக்கலாம். கொடைக்கானலுக்கு ஏற்கெனவே தாங்க முடியாத கூட்டம். 2024 மே 7ல இருந்து சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுல இ-பாஸ். 2025 சீசனுக்கு வார நாள்ல 4,000, வார இறுதியில 6,000 வண்டின்னு உச்சவரம்பும் வச்சாங்க. அதுல ஒரு பங்கு பூம்பாறை வளைவுலயும் நிக்கும். டீக்கடைக்கும் காட்டேஜுக்கும் வருமானம் வரும், அது தப்பு இல்ல. ஆனா அந்த வருமானம் படிக்கட்டுக் கரையைக் கட்டாது. பூண்டு கட்டுபடியாகாம ஒவ்வொரு படியா காட்டேஜா மாறினா, கடைசியில காட்டேஜ் ஜன்னல்ல இருந்து தெரியுறது இன்னொரு காட்டேஜ்தான். எதைப் பார்க்க வந்தோமோ அது இருக்காது.

நான் பெரிய தீர்வு எதுவும் கொண்டு வரல. ரெண்டு விஷயம் கேக்குறேன். ஒண்ணு, தி. நகர்லயோ மயிலாப்பூர்லயோ ஆப்லயோ பூண்டு வாங்கும்போது எந்த மலைன்னு கேளுங்க. பத்துப் பேர் கேட்டா கடைக்காரர் மண்டியில கேப்பார். மண்டியில கேட்டாத்தான் மூட்டை மேல பேரு ஏறும். ரெண்டு, அடுத்த தடவை கொடைக்கானல் போனா, அந்த வளைவுல போட்டோ எடுத்த கையோட ஊருக்குள்ள இறங்குங்க. கோயிலைப் பாருங்க, வயல் வரப்பை மிதிக்காம நடங்க, விக்கிறவங்ககிட்ட நேரா அரைக் கிலோ பூண்டு வாங்கிட்டு வாங்க. தாளோட கட்டினதா கிடைச்சா இன்னும் நல்லது. சமையல்கட்டுல தொங்கவிட்டா பல மாசம் வரும். பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல உங்க பெர்த்துல பக்கத்துல இருக்கிறவங்க மூக்கைச் சுளிச்சா, எந்த ஊர்ப் பூண்டுன்னு பேரைச் சொல்லுங்க.

அடுத்த வாரம் வேற ஒரு ஊரோட பார்க்கலாம்.