ஓர் இலை குறைந்தால் என்ன?

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஒன்பதாம் ஆண்டில் கணித டீச்சர் ஒரு புதிர் போட்டார். கொழுந்துக் குவியலில் ஓர் இலையை எடுத்தாலும் அது குவியல்தானே? இன்னொன்றை எடுத்தால்? இப்படியே எடுத்தால் கடைசி ஓர் இலையையும் குவியல் என்றுதான் சொல்ல வேண்டிவரும். எந்த இலையோடு குவியல் முடிந்தது? கிரேக்கத்து யூபுலிடீஸ் 2,300 ஆண்டுகளுக்கு முன் கேட்டதாகச் சொல்லப்படும் கேள்வி இது. எல்லோரும் ஒப்பும் விடை இன்றும் இல்லை.

லிந்துலைப் பிள்ளைகளான நமக்கு ஸ்டோர் ஜன்னல்தான் சினிமா. வாட்டிய கொழுந்து ரோட்டர்வேனுக்குள் போய் நைந்து வருவதைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. சி.டி.சி. மெஷினில் இரண்டு பல் உருளைகள் எதிரெதிராகச் சுழலும். ஒன்று மற்றதைவிட ஏறக்குறைய 10 மடங்கு வேகம். அந்த வித்தியாசம்தான் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிறது. மெஷினுக்குப் புதிர் கிடையாது. இலையா, விரலா என்றும் பார்க்காது. டாக்டராகி, நசுங்கிய கை ஒன்றுக்குக் கட்டுப்போட்ட இரவோடு எனக்கு அந்த மயக்கம் போய்விட்டது.

புதிர் இருந்தது கொழுந்து மடுவத்தில். ஒருநாள் அம்மாவுக்கு அரைக் கிலோ குறைந்தது, அரைப்பேர் விழுந்தது. "எந்த இலைக்காக அரைநாள் சம்பளம் போச்சு?" என்று கேட்டேன். "கேட்டா கூடை நெறையுமா?" என்றார் அம்மா.

இன்று கோடு போடுவது நான். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை என்று படித்தோம். 2024இல் உலக சுகாதார நிறுவனம் நடு மூன்று மாதங்களுக்கு அதை 10.5 ஆக்கியது. கோடு இல்லாமல் மருத்துவம் நடக்காது. ஆனால் அது மனிதர் போட்ட கோடு. அதனால் 11.1 வரும் தாயையும் உட்கார வைத்து, "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்கிறேன்.

இதைக் கற்றதும் இங்கேதான். அந்தத் தவணைக் கணிதத்தில் எனக்கு 34 புள்ளி. சித்திக்கு 35 வேண்டும். டீச்சர் புள்ளியை மாற்றவில்லை. சனிக்கிழமைகளில் வரச்சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தந்தார்.

சங்கத்துச் சகோதரிகளே, 34 வாங்கிய பிள்ளை இன்றும் நம் பாடசாலையில் இருக்கிறாள். அவளுக்கு நம் சனிக்கிழமைகளில் ஒன்றைக் கொடுப்போம்.