குடல் அழற்சி நோயும் நர்சம்மாவின் துணையும்
(பொத்தேரியில் நடந்த தம்பதியர் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)



குடும்ப நலம் என்றால் பிள்ளைப்பேறும் கருத்தடையும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். புருஷன் பெண்டாட்டி இருவரில் ஒருவருக்குத் தீராத வியாதி வந்தால் அதுவும் குடும்ப நல விஷயம்தான். இன்றைக்கு அப்படி ஒரு வியாதியைப் பற்றிப் பேசுகிறேன். வெளியே சொல்லக் கூச்சப்படுகிற வியாதி அது.

சில வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு கிராமத்தில் ஒரு தம்பதி. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. மாமியார் மருமகளைத்தான் குறை சொன்னார். கோயில், குளம், மந்திரித்த கயிறு எல்லாம் ஆயிற்று. ஒரு நாள் கிராம சுகாதார நர்ஸ் அந்த வீட்டுக்குப் போனபோது அலமாரியில் மாத்திரை அட்டையைப் பார்த்தார். "இது யாருக்குப்பா?" என்று கேட்டார். அந்தத் தம்பி தயங்கித் தயங்கி, "எனக்குத்தான் சிஸ்டர். அடிக்கடி ரத்தமும் சீதமுமாப் போகும். குடல்ல புண்ணுன்னு சொல்லிக் குடுத்தாங்க" என்றார். நர்ஸ் மாத்திரையின் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டினார்.

அந்த மருந்து சல்ஃபசலசின். நல்ல மருந்துதான். ஆனால் அதைச் சாப்பிடும் ஆண்களுக்கு விந்தணு குறையலாம். மருந்தை மாற்றினால் இரண்டு மூன்று மாதத்தில் பழையபடி ஆகிவிடும். குடல் டாக்டர் அதற்குப் பதிலாக மெசலமின் மாத்திரை கொடுத்தார். அடுத்த வருஷம் அந்த வீட்டில் தொட்டில் கட்டினார்கள். பழி சுமந்த அந்தப் பெண்ணின் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஒரு நர்ஸ் கேட்ட ஒரு கேள்விதான் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது.

இது என்ன வியாதி?

இது வயிற்றுப் புண் அல்ல. குடல்வால் வியாதியும் அல்ல. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறிக் குடலைத் தாக்குவதால் வருவது. இதில் இரண்டு வகை. பெருங்குடலில் மட்டும் புண் உண்டாவது அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வருவது குரோன்ஸ் நோய். பெரும்பாலும் இளவயதில், அதாவது கல்யாண வயதிலும் பிள்ளை பெறும் வயதிலும்தான் தலைகாட்டுகிறது. கொஞ்ச நாள் அடங்கும், மறுபடி கிளம்பும்.

இது தொற்று நோய் அல்ல. தட்டு, டம்ளர் தனியாக வைக்க வேண்டாம். தம்பதிகள் சேர்ந்து வாழ்வதால் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வராது. பாவத்தால் வந்ததும் அல்ல.

மூலம் என்று ஏமாறாதீர்கள்

ரத்தம் போனாலே மூலம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். நானும் அந்தத் தவறைச் செய்திருக்கிறேன். ரத்தம் போகிறது என்று சொன்ன ஒரு அம்மாவிடம், வேறொன்றும் கேட்காமல், "கீரை, வாழைத்தண்டு சாப்பிடுங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நர்ஸ்தான் அவரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்: எத்தனை வாரமாகப் போகிறது? ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து போக வேண்டியிருக்கிறதா? உடம்பு இளைத்ததா? காய்ச்சல் உண்டா? மூலத்துக்கு ராத்திரி எழுந்து ஓட வேண்டியதில்லை.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. குடல் காசநோயும் குரோன்ஸ் நோயும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். மருந்தோ வேறு வேறு. ஆகவே குழாய் விட்டுப் பார்த்து, சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும். பொத்தேரியில் ரயில் ஏறினால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடலாம். சென்னைப் பக்கம் போனால் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் பெரியாஸ்பத்திரி.

நர்சம்மா என்ன செய்வார்?

டாக்டர் மருந்து எழுதுகிறார். வருஷக்கணக்கில் கூட நின்று கவனிக்கிறவர் நர்ஸ்தான். இதற்கு நம் சென்னையே சாட்சி. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம், வீட்டிலிருந்தபடி மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்திருந்ததுபோலவே குணமாகும் என்று 1959-ல் உலகத்துக்கே காட்டியது. வீடு தேடிப் போய்க் கவனித்தவர்களால்தான் அது நடந்தது. இங்கிலாந்து போன்ற நாடுகளில் இந்தக் குடல் நோய்க்கென்றே தனி நர்ஸ்கள் இருக்கிறார்கள். இங்கே நம் கிராம சுகாதார நர்ஸ் செய்யக்கூடியவை:

1. மருந்து நிற்காமல் பார்ப்பது. "சரியாப் போச்சே" என்று நிறுத்தினால் நோய் மறுபடி கிளம்பலாம். ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

2. எடை பார்ப்பது, ரத்தசோகையைக் கண்டுபிடிப்பது.

3. சாப்பாட்டு யோசனை. பத்தியம் என்று பட்டினி போடக் கூடாது. நோய் கிளம்பும்போது கஞ்சி, இட்லி, குழைந்த சாதம், முட்டை கொடுக்கலாம். ஒத்துக்கொள்ளாததை மட்டும் தள்ளுங்கள்.

4. கடையில் வலி மாத்திரையும் பேதி நிறுத்தும் மாத்திரையும் தாமாக வாங்கிச் சாப்பிடுவதைத் தடுப்பது.

5. மனசுக்கு ஆறுதல். கக்கூசை நினைத்தே பஸ் ஏறப் பயப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் பயத்தைக் காது கொடுத்துக் கேட்பதும் வைத்தியம்தான்.

கர்ப்பம் பற்றி

இந்த நோய் உள்ளவர்கள் பிள்ளை பெறலாம். நோய் சில மாதங்களாவது அடங்கியிருக்கும் சமயம் பார்த்துத் தரிப்பது நல்லது. கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து மருந்தை நிறுத்தாதீர்கள். மெசலமின் போன்றவற்றைத் தொடரலாம். நோய் கிளம்பினால்தான் குழந்தைக்குக் கேடு. குறைப் பிரசவமும் எடை குறைவும் வரலாம். ஆனால் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடும் பெண் கர்ப்பம் தரிக்கவே கூடாது. முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி மாற்ற வேண்டும். அதுவரை கருத்தடை அவசியம். பேதி அதிகமாக இருந்தால் கருத்தடை மாத்திரை உடம்பில் சரியாகச் சேராமல் போகலாம். வேறு முறையை நர்சம்மாவிடம் கேளுங்கள்.

கர்ப்பத்தில் இன்ஃபிளிக்சிமாப் போன்ற ஊசி போட்டுக்கொண்ட தாய், குழந்தைக்கு பி.சி.ஜி. போடும் முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தத் தடுப்பூசியைத் தள்ளிப் போட வேண்டியிருக்கும்.

ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் ரத்தமாகப் போய், காய்ச்சலோ படபடப்போ வயிறு உப்பலோ இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள்.

புருஷன்மார்களுக்கு ஒரு வார்த்தை. பெண்டாட்டி ராத்திரி எழுந்தால் விளக்கைப் போட்டுத் துணைக்குப் போங்கள். தாய்மார்களே, புருஷன் மறைத்தால் கோபிக்காமல் கேளுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து நர்சம்மாவிடம் வாருங்கள். மாத்திரை அட்டையை மறக்காமல் கையோடு கொண்டு வாருங்கள்.

கூச்சம் விட்டால் குடல் பிழைக்கும், குடும்பமும் தழைக்கும்.