நாகன் தந்த சுரிகை

திருச்சிற்றம்பலம்.

மெய்யன்பர்களே! கண்ணப்ப நாயனாரின் வரலாற்றைக் கேட்கும்போது நம் நெஞ்சம் ஆறாம் நாள் நிகழ்ச்சிக்கே விரைந்து செல்கிறது. கண்ணை இடந்து அப்பிய அன்பு அத்தகையது. ஆயினும் இன்று யாம் சிந்திக்க எடுத்துக்கொள்வது, அந்தப் பெருமானைப் பெற்று வளர்த்து வேட்டைக்கு அனுப்பிய முதிய தந்தையாகிய நாகனைப் பற்றியே.

பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவனாக விளங்கியவன் நாகன். அவன் மனைவி தத்தை. நெடுங்காலம் மகப்பேறின்றி வருந்திய இருவரும் முருகப் பெருமான் சந்நிதியில் சேவலும் மயிலும் விட்டு, குரவையாடி வேண்டிப் பெற்ற பிள்ளையே திண்ணனார்.

ஆண்டுகள் சென்றன. நாகனை மூப்பு வந்து சூழ்ந்தது. தலைவன் வேட்டைக்குச் செல்லாமையால் பன்றி, புலி, கரடி முதலியன பெருகித் தினைப்புனங்களை அழித்தன. வேடர்கள் வந்து முறையிட்டனர். அவன் தன் தளர்ச்சியை மறைத்தானில்லை. முன்போல் வேட்டையாட மூப்பினால் இயலவில்லை என்றும், தன் மகனைத் தலைவனாகக் கொள்ளுக என்றும் வெளிப்படையாகக் கூறினான். தேவராட்டியை அழைத்து வாழ்த்துப் பெறச் செய்து, குலமரபுப்படி வந்த சுரிகையையும் உடைதோலையும் மகன் கையில் கொடுத்தான்.

அப்போது திண்ணனார் மகிழ்ந்து துள்ளினார் என்று சேக்கிழார் பெருமான் பாடவில்லை. தந்தையின் நிலையை உட்கொண்டு தளர்ந்தார். பின்னரே அவன் கழல் வணங்கி ஏற்றார் என்கிறார். தலைமை கைக்கு வரும்போது தந்தையின் மூப்பைக் கண்டு வருந்தியவர் திண்ணனார். பிள்ளைகளாய் இருப்போர் இதனை மறத்தல் ஆகாது.

கன்னி வேட்டைக்குச் சென்றவர் ஒரு பன்றியைத் துரத்தி நெடுந்தூரம் ஓடினார். நாணனும் காடனும் மட்டுமே உடன் தொடர்ந்தனர். பன்றியை வீழ்த்தியபின் பொன்முகலி ஆற்றங்கரை சேர்ந்தனர். காடன் தீக்கடைய அங்கே தங்கினான். திண்ணனார் நாணனுடன் காளத்தி மலை ஏறிக் குடுமித்தேவரைக் கண்டார். இவருக்கு நீராட்டி, இலையும் பூவும் சூட்டியவர் யார் என்று வினவியபோது நாணன் ஒரு செய்தி கூறினான். முன்னொரு நாள் உம் தந்தையோடு வேட்டையாடி யாம் இம்மலைக்கு வந்தோம். அன்று ஒரு பார்ப்பனர் இவ்வாறு செய்தார் என்றான்.

அன்பர்களே, இவ்விடம் ஊன்றி நோக்கத் தக்கது. நாகனும் அம்மலைக்கு வந்தவனே. வேட்டை முடிந்ததும் ஊர் திரும்பிவிட்டான். மகனோ திரும்பவில்லை. எனினும் நீராட்டலும் மலர் சூட்டலும் ஊட்டலும் திண்ணனாருக்குத் தெரிந்தது, தந்தை அன்று ஆடிய வேட்டையின் வழியாகவே அன்றோ? தனக்குப் பயன்படாத ஒன்றும் தந்தை வழியே மகனுக்குச் சேர்ந்துவிடுகிறது.

செய்தி கேட்ட நாகன் ஊணும் உறக்கமுமின்றித் தேவராட்டியையும் அழைத்துக்கொண்டு காளத்திக்கு வந்தான். எத்தனையோ வகையால் மகனை மாற்ற முயன்றும் இயலாது திரும்பினான். முதிய தந்தையைத் தளரவிட்டது முறையோ என்று கேட்பார் உளர். கேட்கத் தக்க கேள்வியே. பிள்ளையை மலையிலே விட்டுத் திரும்பிய அந்தக் கிழவனின் துயரம் சிறிதன்று. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வேண்டியபோது அப்பிள்ளையைத் தந்தவர் முருகப் பெருமான். இப்போது ஏற்றுக்கொண்டவர் அவருடைய தந்தையாகிய காளத்தியப்பர். மைந்தர் தந்ததைத் தந்தையார் பெற்றுக்கொண்டார். வழக்கு எங்கே இருக்கிறது?

இங்கே முதுமை எய்திய தந்தையர் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். தொழிலையும் பொறுப்பையும் மக்களிடம் ஒப்படைத்தபின் அவர்கள் நாம் எண்ணிய வழியிலேயே செல்ல வேண்டும் என்று வருந்துகிறோம். நாகன் சுரிகையைப் பன்றி வேட்டைக்குத்தான் கொடுத்தான். அந்த வேட்டையே மகனை இறைவன் திருமுன் கொண்டு சேர்த்தது. கொடுப்பது நம் கடமை. அது சென்று சேரும் இடத்தை அவன் அறிவான்.

திருச்சிற்றம்பலம்.