அஸ்ஸாம் வேலியின் ஏழு மாலுமிகள்

பாய்க்கப்பல் காலத்து மாலுமிகளைப் பற்றி இந்த அந்தமான் தீவுகளில் பேசுகிறவர், 1867இல் லிட்டில் அந்தமானில் நடந்ததை விட்டுவிட்டுப் பேச முடியாது. அந்த மார்ச் மாதம் ‘அஸ்ஸாம் வேலி’ என்ற கப்பலின் தலைவரும் மாலுமிகள் ஏழு பேரும் கரையிறங்கினார்கள், திரும்பவில்லை. அவர்கள் கதியை அறிய பர்மா தலைமை ஆணையர் ஒரு படையை அனுப்பினார். மே 7 அன்று கொந்தளிக்கும் அலைக்குள் படகு செலுத்தி, கரையில் சிக்கிக்கொண்ட 17 படையினரை மீட்ட ஐவருக்கு விக்டோரியா கிராஸ் விருது கிடைத்தது. ஐவரில் மூவர் அயர்லாந்துக்காரர்கள்: டப்ளினில் பிறந்த மர்ஃபி, டவுன் கவுண்டியின் பெல், ராஸ்காமனின் கிரிஃபித்ஸ். கிரிஃபித்ஸ் 1879இல் தென்னாப்பிரிக்காவின் இசண்டில்வானா போரில் மாண்டது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் இவர்கள் யாரைத் தேடிப் போனார்களோ, அந்த மாலுமிகள் விருதுக் குறிப்பில் ‘ஏழு பேர்’ என்ற எண்ணிக்கை மட்டுமே.

ஒருவர் பெயர் மிஞ்சுவதும் மறைவதும் வீரத்தால் அல்ல, எந்தக் காகிதம் யாருக்காக எழுதப்பட்டது என்பதால்தான் என்பது என் வாதம். கப்பல் ஒரு சொத்து. பிரிட்டிஷ் கப்பல் ஒவ்வொன்றையும் 64 பங்காக்கிப் பதிவேட்டில் எழுதினார்கள். ஒரே ஒரு பங்கு வைத்திருந்தவருக்கும் அதில் இடமுண்டு. மாலுமிக்குக் காகிதமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பணி ஒப்பந்தம் எழுதுவது சட்டமாகவே இருந்தது. பெயர், வயது, பிறந்த ஊர், முந்தைய கப்பல், சம்பளம் எல்லாம் அதில் உண்டு. எழுதத் தெரியாதவர் பெருக்கல் குறி போட்டார். 1863க்குப் பிந்தைய ஒப்பந்தங்களில் பெரும்பகுதி இன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துப் பல்கலைக்கழகக் காப்பகத்தில் கிடக்கிறது. அயர்லாந்துக் கப்பல்களின் பட்டியல்கள் டப்ளினிலும் இருக்கின்றன. முதலாளி வரலாறு எழுதிய நம் ஆய்வாளர்கள் இந்தக் கட்டுகளை அவிழ்க்கச் சோம்பினார்கள் என்பதே உண்மை.

இந்த ஒப்பந்தமும் முதலாளியின் அதிகாரம் எழுதிய காகிதம்தானே என்று கேட்கலாம். ஆமாம், ஓடிப்போனவனைப் பிடிக்கவும் அது உதவியது. ஆனாலும் கூலி பேசியதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. இதைவிட வலுவான மறுப்பு இன்னொன்று: லாஸ்கர்கள் எனப்பட்ட நம் மாலுமிகளுக்கு இது பொருந்துமா? அங்கே ஆள் சேர்த்தவர் சராங்கு என்ற மாலுமித் தலைவர். கூலியும் பெரும்பாலும் அவர் கை வழியே போனது. 1823ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைப் பிரிட்டிஷ் மாலுமிகளாகவே கணக்கிடவில்லை. 1867இல் அந்தப் படையின் துப்பாக்கிக்குப் பலியான, லிட்டில் அந்தமானின் பழங்குடிகளான ஓங்கேக்களுக்கோ இந்த ஒப்பந்தங்களில் ஒரு வரிகூடக் கிடையாது. எனவே ஒப்பந்தக் கட்டுகளை மட்டும் நம்பினால் வெள்ளை மாலுமியோடு வரலாறு நின்றுவிடும் என்பதை ஏற்கிறேன். அந்த இடைவெளியை நிரப்ப வேறு காகிதங்கள் வேண்டும்.

அவை நம்மிடையேதான் இருக்கக்கூடும். தூத்துக்குடித் தோணி முதலாளிகளின் வீடுகளிலும், வல்வெட்டித்துறையில் கப்பல் தலைவர்களான தண்டையல்களின் குடும்பங்களிலும் பழைய கணக்குப் புத்தகம், கூலிச் சீட்டு, சரக்குப் பட்டியல் எது இருந்தாலும் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஒரு நூலகத்தில் சேர்த்துவிடுங்கள்.